ஹ்வோல்பி கையெழுத்து

வாய்மொழித் தேர்வின் கடைசி நாள் காலை. காபி அறையில் துறைத்தலைவர் யானிக் மறுபடியும் நினைவுபடுத்தினார்.

"நூத்துக்குத் தொண்ணூறு பேர் தேறணும். இன்னும் ஒருத்தர் விழுந்தாலும் நம்ம அஞ்சு பேருக்கும் ஊக்கத்தொகை கிடையாது. சேந்து ஜெயிக்கிறோம், சேந்து தோக்குறோம்."

"நீ எப்போ தோத்த, யானிக்?" என்றாள் ரிக்கெ. கடைவாய்ப்பல் உடைந்து நாலு மாதமாக அவள் ஒரு பக்கமாகவே ரொட்டி மென்றுகொண்டிருந்தாள். பல் வைத்தியம் கைக்காசுச் செலவு. ஆசிரியர்களில் மூத்தவளான பிர்த்தெயின் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கு ஒரு நாள் கண்ணாடிய வீட்டுல மறந்துட்டு வந்துட்டதா நெனச்சுக்கயேன். என் பல்லு உன்னை வாழ்த்தும்."

எல்லோரும் சிரித்தார்கள். பிர்த்தெ ஹ்வோல்பி சிரிக்கவில்லை. அந்தச் செவிலியர் கல்லூரியில் மருந்தளவுக் கணக்கு அவள் பாடம். அவளுக்கு முன்னால் அவள் அப்பாவின் பாடம். ஊர் மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்தவளைப் பற்றி, "ஹ்வோல்பி தேத்தினவ" என்று ஒருவர் சொன்னால் போதும், மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள். அந்தப் பெயருக்காக எத்தனையோ பேருடைய பகையை அவள் தலை நிமிர்ந்து சுமந்திருக்கிறாள்.

மதியம் சீனெ என்ற மாணவி வந்தாள். குழந்தைக்கு அரை மில்லி போட வேண்டிய வலிமருந்தை ஐந்து மில்லி என்று பலகையில் எழுதினாள். இன்னொரு முறை பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள். ஐந்துதான் என்றாள். அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பிரேபென் பேனாவை மூடி வைத்தார்.

"எங்க கல்லூரியிலயும் இதே கூத்துதான். நீ என்ன சொல்றியோ அதுக்குக் கையெழுத்துப் போடுறேன், பிர்த்தெ."

தேறவில்லை என்பதற்கான மதிப்பெண், பூஜ்யம் பூஜ்யம், என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். கதவின் கண்ணாடி வழியே சீனெயின் அம்மா தெரிந்தாள். கையில், மகள் தேறியதும் ஆட்டிக் கொண்டாடச் சின்னக் காகிதக் கொடி. அதைவிட, காலையில் பார்த்த, ஒரு பக்கமாக மெல்லும் ரிக்கெயின் முகம்தான் அவளை உறுத்தியது.

தேறுவதற்கான மிகக் குறைந்த மதிப்பெண் இரண்டு. அதற்கு முன்னால் பூஜ்யம் போட்டுத்தான் எழுதுவார்கள், பிற்பாடு யாரும் ஒன்றைச் சேர்த்து, உச்ச மதிப்பெண்ணான பன்னிரண்டாக்கிவிடக் கூடாதென்று. பிர்த்தெ பூஜ்யத்தைப் போட்டாள். அதன் பக்கத்தில் இன்னொரு பூஜ்யத்துக்காகத் தொடங்கிய கோடு, நடுவில் வளைந்து இரண்டாக முடிந்தது.

சீனெயைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் அழுதுவிட்டாள்.

"நிஜமாவா? நான் விழுந்துட்டேன்னே நெனச்சேன், பிர்த்தெ. எனக்கே தெரிஞ்சுது."

பிர்த்தெயால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளியே கைதட்டல் கேட்டது.

அடுத்து வந்த இளைஞனும் அதே இடத்தில் தசமப் புள்ளியைத் தவறவிட்டான். அவனும் வெளியே போய் நின்றான். அவனை மட்டும் விழவைக்க இனி எந்த நியாயமும் இல்லை என்று பிர்த்தெக்குத் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் வரப்போகிறவர்களையும் அப்படித்தான்.

பிரேபென் வாய் திறப்பதற்குள் அவள் பூஜ்யத்தையும் இரண்டையும் எழுதி முடித்து, கீழே தெளிவாகக் கையெழுத்திட்டுத் தாளை அவர் பக்கம் தள்ளினாள். இந்த முறை கோடு எங்கும் தயங்கவில்லை.