வெந்நீரில் வெந்த கிளாரினெட்

எங்கள் பேண்டில் எச்சில் படாத வாத்தியம் என்னுடையது ஒன்றுதான். பெரிய டிரம். கட்டையால் அடிப்பதோடு சரி, வாய்க்கு வேலையே கிடையாது. அதனால்தான் அந்தப் பாழாய்ப்போன சேதியைச் சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றபடி நான் பக்குவமாகப் பேசுகிறவன் என்று என் எதிரிகூடச் சொல்லமாட்டான்.

சேதி இதுதான்: மாப்பிள்ளை இனி பேண்டுக்கு வரக்கூடாது.

எங்களில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. கிளாரினெட் ஊதுகிறவன் கிளாரினெட், டிராம்போன் ஊதுகிறவன் டிராம்போன். டிரம்பெட் ஊதுகிறவர் மட்டும் மாப்பிள்ளை. என் தங்கையின் கணவர் என்பதால் நான் அப்படிக் கூப்பிட, அது எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. பேண்டை நடத்தும், தலை நரைத்த மாஸ்டர்கூட அவரை "மாப்ள" என்பார். கேட்பவர்களுக்கு எங்கள் குடும்ப உறவே குழம்பிப்போகும்.

கிளாரினெட் பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். அங்கே எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் அறையிலிருந்து மாப்பிள்ளை மாத்திரை டப்பாவோடு வெளியே வந்ததைப் பார்த்துவிட்டான். பிடுங்க வந்த பல்லை அப்படியே வைத்துக்கொண்டு, சைக்கிள் கடை மாடியில் இருக்கும் எங்கள் ஒத்திகை அறைக்கு ஓடி வந்தான்.

"நம்ம எல்லாரும் போச்சு!" என்றான்.

அவன் அலறியதற்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளையின் காது அப்படிப்பட்டது. சுருதி மயிரிழை விலகினாலும் அவருக்குப் பல் கூசும். அதனால் எந்த நிகழ்ச்சியானாலும் முதலில் அவர்தான் ஒவ்வொருவர் வாத்தியத்தையும் வாங்கி ஊதிப் பார்ப்பார். சரி செய்து, சட்டை நுனியால் மவுத்பீஸைத் துடைத்து, திருப்பிக் கொடுப்பார். அதாவது அவர் வாய் வைத்த இடத்தில்தான் இத்தனை வருஷமாக எல்லோரும் வாய் வைத்திருக்கிறார்கள்.

"எத்தன கச்சேரிடா!" என்று டிராம்போன் தலையில் கை வைத்துக்கொண்டான். மாஸ்டர் ஒரு சொம்பு உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துக் கீழே துப்ப, சைக்கிள் கடைக்காரர் மேலே பார்த்து ஏதோ வாழ்த்தினார். நான் மட்டும் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அந்த நிம்மதி யாருக்கும் பொறுக்கவில்லை.

"உனக்குத்தான் பயமில்லையே, நீயே போய் சொல்லு," என்றார் மாஸ்டர். "நாளைக்கு மரச்சாமான் கடை திறப்பு விழா. அவரு வந்தா இவனுங்க ஊத மாட்டானுங்க."

தங்கை வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தாள். அவர்கள் வீட்டில் இதுவரை ஒரு ஆறு டீயாவது குடித்து முடித்திருப்பேன். அன்றைக்கு மட்டும் அந்த டம்ளரைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். ஒத்திகை அறையில் வராத பயம் இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

அவள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். "யாருண்ணே சொன்னது?"

"என்னது?"

"நடிக்காத. உனக்கு நடிப்பு வராது."

கொட்டிவிட்டேன். பேண்டு சொன்னது, கிளாரினெட் பார்த்தது, எல்லாம். கடைசியில் அண்ணன் என்ற உரிமையில் கொஞ்சம் சத்தமும் போட்டேன். "உனக்கு எப்ப தெரியும்? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். அவரே சொன்னாரு. யோசிச்சு, டாக்டரப் பாத்து, சந்தேகமெல்லாம் கேட்டுட்டுதான் சரின்னேன். உங்கிட்ட சொல்றதும் ஒண்ணுதான், டிரம்ம தெருவுல வச்சு அடிக்கிறதும் ஒண்ணுதான்."

எனக்குச் சுருக்கென்றது. மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லாததால் இன்னும் அதிகமாகச் சுருக்கென்றது.

"உனக்கு… பாப்பாவுக்கு?"

"ரெண்டு பேருக்கும் இல்ல. டெஸ்ட் எடுத்தாச்சு." அவள் என் எதிரில் உட்கார்ந்தாள். "நல்லா கேட்டுக்க. அது ரத்தத்துல பரவும், உடலுறவுல பரவும், ஒருத்தருக்குப் போட்ட ஊசிய இன்னொருத்தருக்குப் போட்டா பரவும், மருந்து சாப்பிடாத அம்மாகிட்டேருந்து குழந்தைக்குப் பரவும். எச்சில்ல பரவாது, டம்ளர்ல பரவாது, டிரம்பெட்டுல பரவவே பரவாது. அவரு தினமும் மாத்திர போடுறாரு. இப்ப ரத்தத்துல தேடினாக்கூட அந்தக் கிருமி டெஸ்ட்டுல தெரியாத அளவுக்குக் கம்மி. அப்படியே இருக்கிற வரைக்கும் எனக்கே அவர்கிட்டேருந்து வராது. உங்க கிளாரினெட்டுக்கு எப்படி வரும்?"

"அப்புறம் எதுக்கு மாத்திர?"

"நிறுத்தினா திரும்ப ஏறிடும். அது உடம்புல காவல் இருக்கிறவங்களத்தான் முதல்ல அடிக்கும். காவல் போனா வழிப்போக்கு நோயெல்லாம் உள்ள வந்து குடியிருக்கும். அவருக்கு அப்படித்தான் மொதல்ல நுரையீரல்ல காசம் வந்துச்சு. எலும்பும் தோலுமா இருந்தாராம். ஒரு மெழுகுவத்திய ஊதி அணைக்க முடியலயாம், டிரம்பெட் ஊதுற மனுஷனால. மருந்து சாப்பிட்டு, காசம் குணமாகி, ஒரு சுரத்த மூச்சு விடாம நீட்டிப் பிடிச்ச அன்னிக்குத்தான் பொழச்சோம்னு நம்பினாராம். நீ அந்த மனுஷன வந்து ஊதாதேங்கிற."

நான் டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. இருந்தாலும் குடித்தேன்.

உள்ளறைக் கதவில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். கையில் டிரம்பெட், மெருகு போடும் துணி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பரவால்ல மச்சான்," என்றார். "நாளைக்கு ஆரம்பத்துல வர்ற அந்த உச்ச சுரத்த யாரு எடுப்பாங்க? கிளாரினெட்ட மெதுவா எடுக்கச் சொல்லுங்க, அவன் அவசரப்படுவான்."

மறுநாள் காலையில் கடை வாசலில் போய், தங்கை சொன்னதை வரி விடாமல் ஒப்பித்தேன். என் பேச்சை என்றைக்குக் கேட்டார்கள்? கிளாரினெட் பெருமையாகச் சிரித்தான். முந்தின இரவே தன் மவுத்பீஸை ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வேகவைத்துவிட்டானாம். "ஒரு கிருமி தப்பாது," என்றான். கிருமி தப்பியதோ இல்லையோ, பிளாஸ்டிக் மவுத்பீஸ் தப்பவில்லை. வாத்து மூக்குபோல ஒருபக்கம் கோணிக்கொண்டு நின்றது. தவறு நடக்காமல் இருந்தால்தானே அதிசயம்.

டிராம்போனின் மவுத்பீஸ் பித்தளை. கோணாது. ஆனால் அவன் வீட்டில் வேகவைக்க மறந்து, கடை முதலாளியின் டீத் தண்ணீர்க் கெட்டிலில் போட்டு எடுத்து, சுடச்சுட உதட்டில் வைத்துவிட்டான். அவன் போட்ட சத்தம்தான் அன்றைய நிகழ்ச்சியிலேயே சுருதி சேர்ந்த சத்தம்.

மாஸ்டர் கையை வீசினார். கிளாரினெட் அவசரமாக உச்ச சுரத்துக்குத் தாவினான். கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட பூனையின் குரல் வந்தது. வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலோடு நின்ற முதலாளி, அதே கத்தரிக்கோலோடு எங்களை நோக்கி வந்தார்.

எச்.ஐ.வி. எங்கள் பேண்டை இத்தனை வருஷமாக ஒன்றும் செய்யவில்லை. வெந்நீர் ஒரே ராத்திரியில் படுக்கவைத்துவிட்டது.

"மாப்ளய கூப்பிடு," என்றார் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு. "சீக்கிரம்."

போன் போட்டேன். வரமாட்டேன் என்று அவர் சொன்னால் நானே கைதட்டுவதாக இருந்தேன். ஆனால் அவர் வந்தார். யூனிஃபார்ம் போட்டே வந்தார். காலையிலேயே போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

எல்லோரும் அவரவர் ஷூவைப் பார்த்தார்கள். கிளாரினெட்தான் வாயைத் திறந்தான். "தப்பா நெனச்சுக்காதீங்க மாப்ள. இத்தன வருஷம்… உங்ககிட்டேருந்து எங்களுக்கு ஏதாவது வந்திருக்குமோன்னு…"

"வராது," என்றார் மாப்பிள்ளை. "எனக்குத்தான் உங்ககிட்டேருந்து வந்துச்சு."

"எங்ககிட்டேருந்தா? என்ன வந்துச்சு?"

"சளி. காய்ச்சல். இருமல். நான் பேண்டுல சேர்ந்த புதுசுல எனக்கு எதிர்ப்புச் சக்தி ரொம்ப கம்மி. இருமுறவங்க பக்கத்துலகூட போகாதேன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. நீங்க மூக்க உறிஞ்சிக்கிட்டே வாத்தியத்த நீட்டுவீங்க. ஒருதடவ உன் சளிதான் எனக்கு நெஞ்சுல இறங்கி, ஆஸ்பத்திரியில படுத்துட்டு வந்தேன்."

கிளாரினெட் கோணல் மவுத்பீஸைச் சட்டைப்பையில் ஒளித்தான். "அப்புறம் ஏன் வாங்கி ஊதுனீங்க?"

"ஊத மாட்டேன்னா, ஏன்னு கேப்பீங்களே."

முதலாளிகூடக் கத்தரிக்கோலைத் தாழ்த்திக்கொண்டார். அந்த மனுஷன் சாவைவிட எங்கள் கேள்விக்குத்தான் அதிகம் பயந்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டியது. கோபமும் முட்டியது, எங்கள் எல்லோர் மேலும்.

"சரி, நேரமாச்சு," என்று சொல்லி, மாப்பிள்ளை பழக்க தோஷத்தில் டிராம்போனை வாங்கக் கை நீட்டினார்.

டிராம்போன் சட்டென்று வாத்தியத்தை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. நான் டிரம் கட்டையை ஓங்கியேவிட்டேன். இவன் மண்டையில் ஒன்று போட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று.

"குடுக்க மாட்டேன் மாப்ள," என்றான் டிராம்போன், வெந்த உதட்டோடு குழறிக்கொண்டு. "எனக்கு ரெண்டு நாளா இருமல். நான் தள்ளி நின்னு ஊதறேன், நீங்க அங்கேருந்தே காதால கேட்டுச் சொல்லுங்க."

சொன்னபடியே தெருவின் மறு ஓரத்துக்குப் போய் நின்று ஊதினான். ஓங்கிய கட்டையை நான் டிரம்மில் போட்டேன்.