நெட்டையின் அறைச் சுவர் நகர்ந்த விவரம்

சுவர் நகர்வதற்கு முன்னால் பதினோரு வருடம் நெட்டைக்கு முழங்கால் இரண்டும் வலித்தன. இதில் மர்மம் எதுவும் இல்லை. அவன் உயரம் ஐந்தடி பத்து அங்குலம். மாடிப்படிக்குக் கீழே அவன் குடியிருந்த அறையின் நீளம் ஐந்தடி, அகலம் இரண்டரை. மூலைக்கு மூலை படுத்தும் பார்த்தான், மூன்று அங்குலம் உதைத்தது. ஆகவே காலை மடக்கியே தூங்கினான். பகல் முழுக்க நிற்கிற வேலை. பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவன். விரிப்பு மடிக்க இரண்டு ஆள் வேண்டும்; ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நெருங்கவேண்டும், விலகவேண்டும், மறுபடி நெருங்கவேண்டும், நாளைக்கு அறுநூறு தடவை. பதினோரு வருடத்தில் எதிர்முனையில் பதினாலு பேர் நின்று போனார்கள். அவர்களிடம் நெட்டை பேசியது ‘பிடி’, ‘விடு’ என்ற இரண்டு வார்த்தைதான். மாதம் ஒருமுறை அக்கா போன் செய்வாள். “சாப்பிட்டியா தம்பி?” என்பாள். “ம்” என்பான். அந்த ‘ம்’மையும் சேர்த்தால் மூன்று வார்த்தை.

மருத்துவமனைக்குள்ளேயே வேலை என்பதால் ஒரு டாக்டர் நடைவழியில் நின்றபடி அவன் முழங்காலைத் தட்டிப் பார்த்து மாத்திரை கொடுத்தார். “கால நீட்டிப் படுத்தாத்தான் உண்டு. இல்லேன்னா அடுத்த வருஷம் உன்னால நிக்க முடியாது” என்றார். நிற்க முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அந்த ஐந்தடியும் இல்லை. வேறு அறை பார்க்க வக்கில்லாதவன், போகட்டும் என்று இருந்துவிட்டான்.

பதினைந்தாவதாக வந்தவன் வேறு நாட்டுக்காரன். எந்த நாடு என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் “ஆமா” என்றுதான் சொல்லியிருப்பான். அவனுக்கு நம் பாஷையில் தெரிந்தது அது ஒன்றுதான். அதனால் ஆமாஞ்சாமி என்று பேர் வைத்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் மற்றவர்கள் அவனைச் சுற்றி நின்றுகொண்டு, “என்னப்பா, சாப்டாச்சா?” என்பார்கள். “ஆமா.” “நீ என்ன கழுதையா?” “ஆமா.” கூடமே சிரிக்கும். நெட்டை சிரிக்கமாட்டான். பெரிய மனசெல்லாம் ஒன்றுமில்லை, நாலு பேரோடு சேர்ந்து சிரித்து அவனுக்குப் பழக்கமில்லை.

தொல்லை என்னவென்றால் ஆமாஞ்சாமி அவன் நாட்டு வழக்கப்படி மடித்தான். நெட்டை முதலில் குறுக்கே மடித்து, வலக்கை முனையை மேலே கொண்டுவருவான். ஆமாஞ்சாமி முதலில் நெடுக மடித்து, இடக்கை முனையைக் கொண்டுவருவான். விரிப்பு நடுவில் கயிறாகத் திரித்துக்கொள்ளும். சூப்பர்வைசர் வந்து, “மடிக்கச் சொன்னா பிழியிறீங்களேடா!” என்று கத்திவிட்டுப் போவார். ஒரு மாதம் இப்படியே போனது. ஒருநாள் காலையில் நெட்டை, சனியன் தொலையட்டும் என்று, அவன் முறைப்படி நெடுக மடித்தான். அதே நொடியில் ஆமாஞ்சாமி நெட்டையின் முறைப்படி குறுக்கே மடித்தான். விரிப்பு மறுபடி கயிறானது. இருவரும் அந்தக் கயிற்றின் இரண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்கள். ஆமாஞ்சாமிதான் முதலில் சிரித்தான். அன்று சாயந்திரம் நெட்டையின் அறை நாலு விரற்கடை நீண்டிருந்தது.

அதன்பிறகு ஆமாஞ்சாமி தன் மகளின் போட்டோவைக் காட்டினான். கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து, முன்பல் இல்லாமல் சிரிக்கிற ஆறு வயதுப் பெண். அன்று இரண்டு விரற்கடை. நெட்டை அவன் பாஷையில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணக் கற்றுக்கொண்டபோது இன்னும் இரண்டு. வீட்டுக்காரம்மா டேப் கொண்டுவந்து உள்ளே அளந்தாள், வெளியே அளந்தாள். உள்ளே ஐந்தரை அடி, வெளியே பழைய ஐந்தடிதான். பக்கத்திலிருந்த அவளுடைய சாமான் அறையிலும் ஓர் அங்குலம் குறையவில்லை.

“என்னப்பா பண்ணின?”

“ஒண்ணும் பண்ணலைம்மா.”

“சரி விடு. வாடகைய ஏத்தமாட்டேன். ஆனா கூடுன தரையை நீதான் கூட்டிக்கணும்.”

ஐந்தரை அடியில் இருந்தபோதுதான் கால் மக்கர் செய்தது. ஒரு விடிகாலை, பழைய பழக்கத்தில் மடங்கிய முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. சலவைக்கூடத்தில் தினக்கூலி ஆட்கள் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். நெட்டை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வீட்டுக்காரம்மா வெந்நீரும் தட்டும் கதவுக்குள் தள்ளிவிட்டுப் போனாள். சுவரோ தினம் நாலு விரற்கடை நகர்ந்தது. யாரும் வரவில்லை, எதுவும் நடக்கவில்லை, அதுபாட்டுக்கு நகர்ந்தது. மூன்றாம் நாள் கால்களை நீட்டினான். பதினோரு வருடத்துக்குப் பிறகு பாதம் வெறும் காற்றில் நின்றது. வலியில் அழுதானா, வேறெதிலாவதா என்று அவனே சொன்னதில்லை. ஒன்பதாம் நாள் அறை ஏழே முக்கால் அடியில் நின்றது. கால் சரியானது டாக்டர் கொடுத்த மாத்திரையின் வேலை என்று நினைத்துக்கொண்டான்.

பத்தாம் நாள் வேலைக்குப் போனால் பேர் அப்படியே இருந்தது. சூப்பர்வைசர் மறந்திருப்பார் என்று வாயை மூடிக்கொண்டான். ஆமாஞ்சாமி முனையை நீட்டினான். மெலிந்திருந்தான், உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தன. இருவரும் மடித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஆமாஞ்சாமியின் ஒப்பந்தம் முடிந்து, நாலே நாள் அவகாசத்தில் அனுப்பிவிட்டார்கள். பஸ் ஏறும்போது நெட்டை அவன் பாஷையில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணினான், சொல்ல வேறொன்றும் தெரியவில்லை. அன்று அறைக்குத் திரும்பப் பயமாக இருந்தது. ஆள் போனால் சுவரும் திரும்பிவிடும், கால் மறுபடி மடங்கும் என்றுதான் நம்பினான். படுத்துக் காலை நீட்டி, சுவர் வந்து பாதத்தில் முட்டட்டும் என்று காத்திருந்தான். முட்டவில்லை. மறுநாளும் இல்லை.

அந்த வாரம் சூப்பர்வைசரிடம் கேட்டேவிட்டான். “அன்னிக்கு என் பேர எப்படி சார் அடிக்காம விட்டீங்க?”

“என் நல்ல மனசுன்னு நெனச்சியா? அந்த ஆமாஞ்சாமிக்கு ஒன்பது நாள் லீவு சேந்து கெடந்துச்சு. ஊருக்குப் போய்ப் புள்ளயப் பாக்க டிக்கெட்டும் போட்டிருந்தான். அதக் கேன்சல் பண்ணிட்டு, விரிப்போட ஒரு முனைய ஜன்னல் கம்பியில கட்டி ஒத்த ஆளா மடிச்சான். தினம் அறுநூறு. எனக்கு விரிப்புக் கணக்கு வந்தாப் போதும், உன் பேரையும் சேத்து எழுதிட்டேன். ஏன்டா இப்படிப் பண்றேன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“என்னத்தச் சொல்லுவான்? ஆமான்னான்.”

பதிவேட்டில் விலாசம் இருக்கவேண்டிய இடத்தில் நாட்டின் பேர் மட்டும்தான் இருந்தது. நெட்டை அந்தப் பேருக்கே மூன்று கடிதம் போட்டான், மூன்றும் திரும்பி வந்தன. வீட்டுக்காரம்மா இப்போது வாடகைச் சீட்டில் ‘உள்ளே ஏழே முக்கால் அடி’ என்றே எழுதித் தருகிறாள். அக்கா வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனாள், இடம் தாராளம் என்றாள். மற்ற நாட்களில் அந்த அறையில் அவன் படுத்தது போக மிச்சமிருக்கிற இடத்தில் உட்கார ஆள் இல்லை. நேராகத்தான் படுக்கிறான், கால் வலி போய்விட்டது. படகின் மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு, அவள் அப்பாவோடு இருக்கவேண்டிய ஒன்பது நாளை நெட்டை தரவேண்டியிருக்கிறது. இதுவரை ஒரு நாள்கூடத் தரவில்லை.