பூஜை வைத்த அடுப்பு

பழவங்காடிப் பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் உடைத்துவிட்டு, பொரியும் அவலும் வாங்கிக்கொண்டு மங்கலம் வீடு திரும்பும்போது தூறிக்கொண்டிருந்தது. சாஸ்தமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாள். வாசலில் ஸ்கூட்டர் பளிச்சென்று நின்றது. முன்விளக்குக்கு மேலே சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

அவள் கணவர் கோலப்பன் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்குப்பிள்ளை. வீட்டில் ஒரு துரும்பை நகர்த்தமாட்டார். துர்க்காஷ்டமியன்று மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சாயங்காலம் ஆயுதங்களைப் பூஜையில் வைக்க வேண்டும். அதற்குள் வீட்டிலுள்ள ஆயுதம் எல்லாம் குளித்திருக்க வேண்டும். தையல் மிஷின் குளித்திருந்தது. அரிவாள்மணையும் தேங்காய்த் துருவியும் ஈரம் சொட்டச் சுவரில் சாய்ந்திருந்தன. மங்கலம் சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் போனாள். சிரிப்பு நின்றது.

அடுக்களைச் சுவரில் பதித்த, கேக் சுடும் கரண்டு அடுப்பின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மினுமினுவென்றிருந்தது. அடியிலிருந்த காற்றுத் துளைகள் வழியாகத் தண்ணீர் சொட்டியது. கீழே குளம்போல நின்ற தண்ணீரில் வெறுங்காலோடு நின்று, கோலப்பன் அடுப்பின் கைப்பிடிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலி வாளி.

"இஞ்சேருங்க, என்ன செய்து வச்சிருக்கிய?"

"கண்ணு தெரியலியா? ரெண்டு வாளி வெள்ளம் கொண்டாக்கும் இந்தப் பளபளப்புக்கு வந்தது. உள்ளே அம்புட்டு அழுக்கு. நீ துணியக் காட்டி ஏமாத்திக்கிட்டு இருந்திருக்க."

"மெயின் ஸ்விட்சை அணைச்சியளா?"

"அது எங்கன இருக்கு?"

அவள் ஓடினாள். கூடத்துச் சுவரில் அடுப்புக்கென்று தனியாக ஒரு மெயின் ஸ்விட்ச் இருந்தது. மேல் நோக்கி இருந்த பிடியைக் கீழே இழுத்தாள். பிறகு அந்தச் சுவரிலேயே சாய்ந்து நின்றாள். அடுக்களையிலிருந்து கோலப்பன், "குங்குமம் தீந்துபோச்சு, வேற இருக்கா?" என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு இனிமையாக என்றைக்கும் அவளுக்குக் கேட்டதில்லை. ஆள் இருக்கிறார். அடுப்பு போயிற்று என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

வீடு ராகேல் டீச்சருடையது. அவள் கணவர் சத்தியதாஸுக்குக் குவைத்தில் வேலை. அந்த அடுப்பை அவர் கப்பலில் போட்டு அனுப்பினார். அதற்கேற்றாற்போல் சுவரை இடித்துக் கட்டினார்கள். மாமியார் படுக்கையில் விழவும் ராகேல் நெய்யாற்றின்கரைக்குப் போக வேண்டியதாயிற்று. வீட்டை வாடகைக்கு விட்டாள். சாவி கொடுத்த அன்று மத்தியானம் முழுக்க அவள் மங்கலத்துக்கு அடுப்பைத்தான் சொல்லிக்கொடுத்தாள். துடைக்குமுன் மெயின் ஸ்விட்சை அணை. நன்றாக ஆறட்டும். பிழிந்த துணியால் துடை, தண்ணீர் ஊற்றாதே. காற்றுத் துளையை எதையும் வைத்து அடைக்காதே. உள்ளே பொருள் சேர்த்து வைக்காதே. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நில். கோலப்பன் அப்போது முன்வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடுப்புப் பேச்சு ஆண்களுக்கு எதற்கு?

மங்கலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒன்றை மட்டும் அவளால் செய்ய முடியவில்லை. அடுக்களைக்குள் செருப்புப் போட அவளுக்குக் கால் வராது. பக்கத்து அலமாரியில் சாமி படம் இருக்கிறது. செருப்புக்குப் பதில் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் நிற்பாள். பலகை இல்லாமல், கையும் ஈரமாக இருந்தால், அடுப்பின் கைப்பிடி விரல்களில் எறும்பு கடித்ததுபோல் சுரீரென்னும். கோலப்பனிடம் சொன்னாள். "கரண்டு இருக்குன்னா அப்படித்தான் இருக்கும். இல்லாட்டாத்தான் பயப்படணும்" என்றார்.

சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைசியாக ராகேல் சொன்னாள்: "வீடு பழசானா வெள்ளை அடிச்சுக்கிடலாம் மங்கலம். அடுப்புக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவருக்கு நான் பதில் சொல்ல முடியாது. பெறகு உங்களை இங்க வச்சுக்கிடவும் முடியாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

திருவனந்தபுரத்துக்கு வந்த பிறகு இது நாலாவது வீடு. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காத முதல் வீடு.

"துடைச்சு, காத்தாடிய வச்சுக் காயப்போடுவோம்" என்றாள் மங்கலம்.

கோலப்பன் அதற்குள் விளக்கேற்றியிருந்தார். அடுப்பின் கைப்பிடியில் பிச்சிப்பூச் சரம் தொங்கியது. "பூஜை வச்சாச்சு. விஜயதசமி விடியக்காலத்த எடுக்கது வரைக்கும் தொடப்பிடாது."

"உள்ள வெள்ளம் நிக்கி."

"நிக்கட்டு. சரஸ்வதி பாத்துக்கிடுவா."

"சரஸ்வதிக்குக் கரண்டு வேலை தெரியுமா?"

கோலப்பன் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். மங்கலம் குடையை எடுத்துக்கொண்டு தெருமுக்குக்குப் போனாள். எலக்ட்ரிக் கடை பகவதிப்பெருமாள் கடைக்குள் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தான். மேஜைமேல் சிவப்புத் துணி விரித்து, டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர், குறடு எல்லாவற்றையும் வரிசையாகப் படுக்க வைத்திருந்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு.

"ஐயோ அக்கா, சாமானம் பூராவும் பூசையிலாக்கும். இப்பம் கை வச்சா எனக்க அம்மை என்னைக் கொன்னு போடும். விஜயதசமிக்குக் காலத்த மொத வேலை உங்களுக்கதுதான்."

"அது வரைக்கும்?"

"மெயினைப் போடாதீங்க. யாரையும் போடவும் விடாதீங்க. கரண்டு போகாத அடுப்பு வெறும் இரும்புப் பெட்டிதானே. அது என்ன செய்யும்?"

வீட்டுக்கு வந்து, பழைய வேட்டிக் கரையைக் கிழித்து, மெயின் ஸ்விட்சின் பிடியைக் கீழே சேர்த்து இறுகக் கட்டினாள்.

மறுநாள் நவமி, பள்ளிக்கூடம் லீவு. முற்பகலில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ராகேல் டீச்சர் இறங்கினாள். ஒரு கையில் மைதாவும் வெண்ணெயும். மறு கையில் முட்டைக் கூடை. அதைக் குழந்தையைப்போல் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"மங்கலம், அவரு நாளைக்கு வாறாரு! அடுத்த மாசம் வரவேண்டிய ஆளு. பம்பாய்ல எறங்கிட்டு தந்தி அடிச்சிருக்காரு. வீட்டுக்குப் போறதுக்கு முன்னே இஞ்ச வந்து, சொந்த அடுப்புல சுட்ட கேக்கு திங்கணுமாம்."

மங்கலம் முட்டைக் கூடையை வாங்கக் கை நீட்டினாள். அதற்குள் ராகேல் அடுக்களைக்குள் போய்விட்டாள். பூவும் பொட்டுமாக இருந்த அடுப்பைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அண்ணாச்சி! எனக்க அடுப்பை மதம் மாத்திட்டீங்களா?"

"டீச்சர், அது ஒரு மரியாதைதானே" என்றார் கோலப்பன். "நல்லா குளிப்பாட்டி..." மங்கலம் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். "பொட்டு வச்சு, பூசையில வச்சிருக்கு. நாளைக்குக் காலத்ததான் எடுக்கணும்."

"உள்ளதுதான். ஆனா நாளைக்கு அவரு வந்துருவாரே அண்ணாச்சி. இன்னைக்குச் சுட்டு வச்சாத்தானே? பூவையும் பொட்டையும் நான் தொடவே மாட்டேன். உங்க சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிடுதேன். எங்க சாமி ஒண்ணும் சொல்லமாட்டாரு."

கோலப்பன் கண்ணைக் காட்டினார். மங்கலம் அவர் பின்னால் கிணற்றடிக்குப் போனாள்.

"வாயத் தொறந்துராத" என்றார். "எப்படியாவது இன்னைக்குத் தள்ளிவிடுவோம். நாளைக்குப் பகவதிப்பெருமாள் சரியாக்கிருவான். அவளுக்கு எதுக்குத் தெரியணும்? தெரிஞ்சா நாளைக்கே புருசன்கிட்ட சொல்லுவா. அடுத்த மாசம் நாம சாமானத்தத் தூக்கிக்கிட்டு அலையணும்."

அவர் சொல்வது சரிதான். ஒரு நாள். பூஜையைச் சாக்குச் சொல்லி ஒரு நாள் தள்ளினால் போதும். மங்கலம் கிணற்றைப் பார்த்தாள். மழையில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

உள்ளேயிருந்து ராகேலின் குரல் வந்தது. "இதென்ன மங்கலம், ஸ்விட்சுக்கும் கட்டுப் போட்டிருக்கு? அதுக்கும் பூசையா?"

மங்கலம் ஓடினாள். ராகேல் கூடத்தில் நின்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முட்டைகளைக் கழுவிவிட்டு வந்திருக்கிறாள். விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. கரைத்துணி தரையில் விழுந்தது. அவள் கை பிடிக்குப் போயிற்று.

"அக்கா, கையெடுங்க! போடாதீங்க! உள்ள வெள்ளம் ஊத்தியிருக்கு. ரெண்டு வாளி!"

ராகேல் கையை இழுத்துக்கொண்டாள். இரண்டடி பின்வாங்கினாள்.

"ஆரு ஊத்தினது?"

கோலப்பன் பின்வாசலில் நின்றார். மேலே உத்தரத்தைப் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை. "நாந்தான் டீச்சர்" என்றார்.

ராகேல் அடுக்களைக்குப் போனாள். தொடாமல் குனிந்து காற்றுத் துளைகளைப் பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது. அவள் நிமிர்ந்து, முந்தானையால் விரல் விரலாகத் துடைத்தாள். அப்போதுதான் காலடியில் கிடந்த பலகையைப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

இனி எதையும் ஒளிப்பதில் அர்த்தமில்லை. மங்கலம் செருப்பைச் சொன்னாள், சாமி படத்தைச் சொன்னாள், எறும்பைச் சொன்னாள்.

"எப்பம் தொட்டு?"

"வந்த நாள் தொட்டே, அக்கா. கரண்டு அடுப்புன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

ராகேல் அவளையே பார்த்தாள். பிறகு குடையை எடுத்தாள். "நாளைக்குக் காலத்த வாறேன்" என்றாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கோலப்பன் அன்று முழுக்க கரமனையில், மணக்காட்டில், பேட்டையில் காலியாக இருக்கும் வீடுகளைப் பற்றியே பேசினார். மங்கலம் கரைத்துணியை எடுத்து மறுபடி கட்டினாள், முன்னைவிட இறுக்கமாக.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிப் பூஜையை எடுத்தார்கள். ராகேல் வாசலோரம் நின்று தலையில் முந்தானை போட்டுக்கொண்டு பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று மங்கலத்துக்குத் தெரியவில்லை. பகவதிப்பெருமாள் பொட்டு வைத்த ஸ்க்ரூடிரைவரோடு வந்தான். மெயின் ஸ்விட்ச் கீழே இருக்கிறதா என்று பார்த்து, ஃபியூசையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அடுப்பைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்தான். அடித்தகட்டைக் கழற்றவும் ஒரு செம்புத் தண்ணீர் கொட்டியது.

"அண்ணாச்சி, உங்களுக்கு ஆயுசு கெட்டி. வெள்ளம் பைய எறங்கியிருக்கு. அக்கா மெயினை அணைச்ச பெறகாக்கும் கம்பிகிட்ட வந்திருக்கு."

கோலப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றுதான் அவருக்குப் பயம் வந்தது.

தண்ணீரை ஒற்றியெடுத்து, மேஜை விசிறியைத் திருப்பி வைத்து, உள்ளே நூறு வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டான். பிறகு அடுப்பின் முதுகுப்பக்கம் தலையை நுழைத்தவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது, தொங்கிக்கொண்டிருந்த ஒரு பச்சைக் கம்பியை இழுத்துக் காட்டினான்.

"வெள்ளத்த விடுங்க. இது எர்த்துக் கம்பி. இதை மாட்டவேயில்லை. அடுப்புல கரண்டு கசிஞ்சா இது வழியாத்தான் மண்ணுக்குப் போவணும். இது இல்லன்னா தொடுத ஆளு வழியாப் போவும். ஆரு மாட்டினது இந்த அடுப்பை?"

"அவருக்க கூட்டுக்காரன்" என்றாள் ராகேல். "பெரிய கரண்டு வேலைக்காரன்னு சொல்லி, கோழியடிச்சுச் சோறு போட்டேன்."

அவள் பலகையை ஒரு தடவை பார்த்தாள். மங்கலத்தின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ எனக்க அடுப்பைக் கெடுத்துருவியோன்னு நான் பயந்து கெடந்தேன். எனக்க அடுப்பு உன்னை..." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து நீ சத்தம் போடல்லன்னா, இன்னைக்கு அந்த மனுசன் கேக்கு திங்க வந்து, நான் செத்ததுக்கு அடியந்திரச் சோறு தின்னுட்டுப் போயிருப்பாரு."

"அப்பம் வீடு, டீச்சர்?" என்றார் கோலப்பன், நாற்காலியிலிருந்து.

"வீட்டுக்கு என்ன அண்ணாச்சி? வெள்ளம் ஊத்தினா வீடு கரைஞ்சா போவும்? நீங்க இருந்துக்கிடுங்க. ஆனா அடுத்த வருசம் இந்த நாளு நான் வந்து வாளியை ஒளிச்சு வைப்பேன்."

மங்கலம் சிரித்துவிட்டாள். அவளையறியாமல் கண்ணிலும் தண்ணீர் வந்தது. இரண்டு நாளாக நெஞ்சில் ஏறியிருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி எடுத்ததுபோல் மூச்சு இறங்கியது.

மத்தியானம் வரை காயவிட்டு, பகவதிப்பெருமாள் எர்த்துக் கம்பியை முறுக்கி மாட்டினான். கடையிலிருந்து மீட்டர் கொண்டுவந்து இரண்டு தடவை பார்த்தான். பலகை வேண்டாம், ரப்பர் விரிப்பு ஒன்று போடுங்கள், அது செருப்பில் சேராது என்றான். ஃபியூசைப் போட்டு, ஸ்விட்சை மேலே தள்ளினான். டெஸ்டரைக் கைப்பிடியில் வைத்தான். டெஸ்டரின் விளக்கு எரியவில்லை. புறங்கையால் தொட்டான். "பச்சப்புள்ள மாதிரி கெடக்கு" என்றான்.

மங்கலம் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தாள். வெறும் இரும்பின் குளிர்ச்சி. எறும்பு இல்லை.

முதலில் ஒன்றும் வைக்காமல், கதவைச் சற்றுத் திறந்து வைத்துச் சூடாக்கினார்கள். உள்ளே கம்பி சிவந்தது. மிச்சமிருந்த ஈரம் ஆவியாக வந்தது. கதவிலிருந்த சந்தனம் சூட்டில் காய்ந்து மணத்தது. பம்பாய் வண்டி பிந்தி ராத்திரிதான் வருமாம் என்று சொல்லிக்கொண்டே ராகேல் மாவைக் கலக்கினாள். மங்கலம் தகரத்தட்டில் வெண்ணெய் தடவினாள்.

கேக் வெந்து, ஆறி, ராகேல் அதன் ஓரத்தைச் சீராக்க வெட்டியபோது நாலைந்து துண்டுகள் மிஞ்சின. பகவதிப்பெருமாள் இரண்டை எடுத்துக்கொண்டான். மங்கலம் தனக்கொன்று எடுத்து, இனி வேலையில்லாத அந்தப் பலகையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

கோலப்பன் சுத்த சைவம். தட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"முட்டை சேத்திருக்கோ டீச்சர்?"

"நாலு."

அவர் அடுப்பைப் பார்த்தார். பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது.

"பூசை வச்ச அடுப்புல வெந்ததுதானே" என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.