நாலாவது லாச்சி

ஓட்டோவிலிருந்து இமெல்டா ரீச்சர் இறங்குவதை யன்னலால் கண்டதும் ஷெரோன் தையலை விட்டு எழுந்தாள். கதவுக்குப் பின்னால் கொழுவியிருந்த வெள்ளைச் சட்டையை இழுத்துத் தையல் மெசினுக்குக் கீழேயிருந்த கூடைக்குள் திணித்தாள். கசங்கிவிடுமே என்று எடுத்து, மடித்து, திரும்பவும் வைத்தாள்.

மகள் டினுஷா பூசையில் முதல் நன்மை, நற்கருணை, வாங்கும் நாளுக்குத் தைத்த சட்டை அது. துணி ரீச்சருடைய சேலை.

மூன்று கிழமைக்கு முன்னர்தான் ரீச்சருடைய பெறாமகன், தங்கை மகன் ஹெக்டரிடம், நாலு இழுப்பறை வைத்த அந்த முதிரை மர லாச்சி அலுமாரியை வாங்கியிருந்தாள். தனியாக இருக்க ஏலாமல் ரீச்சர் நாவற்குடாவுக்கு, அவன் வீட்டோடு போய்விட்டார். மேலே மூன்று லாச்சியும் வெறுமை. நாலாவதில் ஒரு வெள்ளைப் பட்டுச் சேலை இருந்தது. ஷெரோன் மறக்காமல் ஹெக்டருக்குப் போன் எடுத்துக் கேட்டாள்.

"உள்ளுக்கு இரிக்கிறதெல்லாம் உங்களுக்குத்தான் அக்கா. பெரியம்மா இப்ப சேலை உடுக்கிறயில்ல, கவுணோடதானே இரிக்கிறா" என்றான் அவன்.

வெட்டினாள். வெட்டி முடிந்த பிறகுதான் லாச்சிக்கு அடியில் விரித்திருந்த பேப்பரை எடுத்தாள். கீழே ஒரு செபமாலையும் மெழுகுதிரியும் இருந்தன. ரீச்சர் தன் அடக்கத்துக்கென்று எடுத்து வைத்தவை; யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவளுடைய மாமியையும் கலியாணச் சேலை உடுத்தி, கையில் செபமாலை சுற்றித்தான் அடக்கினார்கள். அன்றைக்கே ரீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். தினமும் போனை எடுப்பாள், வைத்துவிடுவாள்.

ரீச்சர் பொல்லை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்து அலுமாரியைப் பார்த்துச் சிரித்தார்.

"வார்னிஷ் அடிச்சு ஆளை மாப்பிள்ளையாக்கிப் போட்டாயே!"

"இருங்க ரீச்சர், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

"தேத்தண்ணி பிறகு. வியாழக்கிழமை எனக்கு ஒப்பரேசன் மகள். டொக்டர் முகத்தைப் பார்த்தா எனக்கு நம்பிக்கையில்ல. கீழ் லாச்சிக்குள்ள என்ர சாமான் கொஞ்சம் இரிக்கு. ஹெக்டருக்கு அது தெரியாது, பாவம்."

"அது... மழை ஈரத்துக்கு இறுகிப்போச்சு ரீச்சர்" என்றாள் ஷெரோன். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "திறக்குதில்ல. மரவேலை ஓடாவியாரைக் கூப்பிட்டு எடுத்து அனுப்பிவிடுறன்."

"ஓடாவி என்னத்துக்கு? அம்பது வருசம் இதோட மல்லுக்கட்டினவள் நான். மாரிக்கு இறுகும்தான். மூண்டாவது லாச்சியைக் கழட்டி, மேலால கையை விட்டுத் தள்ளு."

"பிறகு பார்ப்பமே..."

"கழட்டு பிள்ளை."

கழற்றினாள். அந்த ஓட்டைக்குள்ளால் நாலாவது லாச்சியின் உட்பகுதி முழுதாகத் தெரிந்தது. அவள் திரும்ப வைத்திருந்த செபமாலை, மெழுகுதிரி, கத்தரி ஓடிய மிச்சச் சேலை.

ரீச்சர் குனிந்து சேலையை எடுத்து, வெட்டிய ஓரத்தை விரலால் தடவினார்.

ஷெரோன் கூடைக்குள்ளிருந்து சட்டையை எடுத்து நீட்டினாள். "டினுஷாட முதல் நன்மைக்கு. தெரியாமல் வெட்டிப்போட்டன். பிறகு தெரிஞ்சது. தெரிஞ்சும் சொல்லயில்ல. இப்ப பொய்யும் சொல்லிப்போட்டன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ரீச்சர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமா, அழுகையா என்று அந்த முகத்தில் பிடிபடவில்லை.

"எவ்வளவு மிச்சம்?"

"மூண்டு மீற்றருக்குக் கொஞ்சம் கூட. முந்தானை அப்படியே இரிக்கு."

"உடுக்கக் காணாது." ரீச்சர் கதிரையில் இருந்தார். மிச்சச் சேலையை மடியில் விரித்தார். "பெட்டிக்குள்ள படுத்தா முதுகை ஆர் பார்க்கிறது? முந்தானை முன்னுக்கு வாற மாதிரி நீளச் சட்டையாத் தை. புதனுக்குள்ள வேணும்."

"ரீச்சர்..."

"அழாமல் அளவெடு. கொஞ்சம் லூசா விடு. தப்பி வந்தா ஆஸ்பத்திரிச் சோத்தில கொழுத்துத்தான் வருவன்."

ஷெரோன் அளவுநாடாவை ரீச்சரின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தாள். முப்பத்திரண்டு. கொப்பியில் எழுதினாள். சரிதானா என்று சந்தேகம் வந்தது. மறுபடி பிடித்தாள். முப்பத்திரண்டரை. ரீச்சரின் மூச்சு ஏறி இறங்க, விரல்களுக்கிடையில் நாடாவும் அரை அங்குலம் நகர்ந்து நகர்ந்து திரும்பியது.

எந்த எண்ணை எழுதுவது என்று தெரியாமல், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மூன்றாம் தரமும் பிடித்தாள்.