இறக்கக் கூடாத டோலி

எழுபத்தெட்டாம் வருஷத்துக் கார்த்திகை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் மழை விடவில்லை. அத்திக்கொல்லை என்ற மலைக்கிராமத்தின் கடைசி வீட்டில், ரோசி ஒழுகிய இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்திருந்தாள். குண்டானும் சொம்பும் தட்டும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் ஒலித்தன. தண்ணீருக்கடியில் மூழ்கிப்போன ஏதோ ஒரு ஊரில் மணிகள் அடிப்பதைப் போல இருந்தது அது.

வீட்டுக்கு என்று அறுத்து வைத்த புல்லையும் அவள் கணவர் அடைக்கலம் எதிரே இருந்த கோயிலுக்கே போட்டுவிட்டார். கோயில் என்றால் மண்சுவரும் புல்கூரையும்தான். ஆனால் ஒரு சொட்டு ஒழுகாது. அடைக்கலம் வேதம் சொல்லித்தரும் உபதேசியார். மலைக்கு வந்த நாளிலிருந்து இந்த ஊரில் ஜெபம் சொல்ல ஒரு கையளவு இடம் கேட்டுக்கொண்டே இருந்தவர். போன வருஷம்தான் ஊர்க்கவுண்டர் வேடியப்பன் மனம் இரங்கினார். அதுவும் ஊர் எல்லையில், பாதையோரமாக, ஒரு நிபந்தனையோடு.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டி, நான்கு பேர் தோளில் டோலி தூக்கிப் போனால், வழியில் இருக்கும் எந்த ஊரின் மண்ணிலும் அதை இறக்கக் கூடாது. இறக்கிய இடத்தில் உயிர் போனால் அந்த ஊர்ச் சாமி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த இடத்துக் கூரையைப் பிரித்து, தரையைக் கொத்திப் போட்டு, அந்த வருஷம் திருவிழாவையே நிறுத்திவிடுவார்கள். "உங்க சாமி இங்க இருந்துட்டுப் போவட்டும். ஆனா வெளியூரு சாவு மட்டும் இந்த எல்லைக்குள்ள எறங்கக் கூடாது. எறங்கிச்சின்னா கோயிலப் பிரிச்சிருவோம்" என்று சொல்லித்தான் வேடியப்பன் இடம் கொடுத்தார். அடைக்கலம் ஊர் முன்னால் தலையாட்டினார்.

இன்று அந்தக் கோயிலில் முதல் பூசை. பங்குச் சாமியார் முதல் பஸ்ஸில் ஜமுனாமரத்தூர் வந்து, அங்கிருந்து நடந்து வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அடைக்கலம் பீடத்தின் மேல் வெள்ளைத் துணியை விரித்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தபோதுதான் பாதையில் சத்தம் கேட்டது.

"உபதேசியாரே! கொஞ்சம் ஓரமா நின்னுக்கறோம்! நிக்கத்தான், எறக்க மாட்டோம்!"

டோலி. முன்னால் இருந்தவன் லட்சுமணன், மேலூர்க்காரன், வாரச்சந்தைக்குப் புளி கொண்டு போகும்போது ரோசியிடம் மோர் கேட்டுக் குடிப்பவன். பின்னால் அவன் தம்பி தீர்த்தகிரி. கூட இரண்டு பேர். எல்லோர் மேலும் சேறு. கம்பளிக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் முனகல் வந்தது.

"யாருய்யா உள்ள?" ரோசி மழையில் ஓடி வந்தாள்.

"எந் தம்பி பொண்டாட்டி கெங்கம்மா. நேத்து காத்தாலர்ந்து நோவுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறோம், ஓடையில தண்ணி மாரளவு போவுது. வடியறமுட்டும் எங்கனா நிக்கணும்" என்றான் லட்சுமணன். பிறகு பல்லைக் காட்டினான். "எங்க தோளு கழண்டு கீழ வுழுந்தா அதுக்கு நாங்க பொறுப்பு இல்ல."

ரோசி கம்பளியை விலக்கிப் பார்த்தாள். முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. அவள் கலியாணத்துக்கு முன்னால் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் துணி அலசியவள். பிரசவம் பார்த்தவள் இல்லை. பார்த்தவர்களின் பக்கத்தில் வாளியோடு நின்றவள். ஆனாலும் இந்த முகத்தை அவள் அங்கே பார்த்திருக்கிறாள். அந்த முகங்களில் சில திரும்பி வீட்டுக்குப் போகவில்லை.

"உள்ள கொண்டாங்க" என்றாள்.

"ரோசி!" அடைக்கலம் வாசலில் கையை விரித்து நின்றார். "உனக்குத் தெரியாதா? வேடியப்பன் இன்னா சொல்லியிருக்காரு?"

"எறக்கத்தானே கூடாது? உள்ள விட்டம் கீதே. மூங்கிலக் கயித்தால விட்டத்துல கட்டுங்க. டோலி தொங்கட்டும். மண்ணுல படாது. இவங்க தோளும் ஆறும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். லட்சுமணன் முதலில் சிரித்தான். "இன்னா மூள பாருடா இந்தம்மாவுக்கு!" அடைக்கலத்தின் முகம் தெளிந்தது. கயிற்றை அவரே எடுத்து வந்தார். டோலி பீடத்துக்கு முன்னால், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கியது. ரோசிக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன கர்வம் வந்தது. கடவுளுக்கும் நஷ்டமில்லாமல், அயலானுக்கும் நஷ்டமில்லாமல் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று.

வெந்நீர் வைத்தாள். கெங்கம்மாளுக்குக் கொஞ்சம் குடிக்கக் கொடுத்தாள். ஆண்கள் சுவரில் சாய்ந்து பீடி பற்ற வைக்கப் போனார்கள். அடைக்கலம் முறைத்ததும் வெளியே போய்ப் பற்ற வைத்தார்கள்.

நோவு வந்தபோதுதான் தெரிந்தது. கம்பளிக்குள் அவள் வில்லாக வளைந்து கிடந்தாள். முதுகுக்குத் தாங்கல் இல்லை. காலை ஊன்ற இடமில்லை. அவள் முக்கியபோதெல்லாம் டோலி ஊஞ்சலைப் போல ஆடியது. அந்த ஆட்டத்தில் வலியெல்லாம் வீணாய்ப் போனது. ரோசி கீழே மண்டியிட்டுத் தன் முதுகையே அவளுக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்தாள். அடுத்த நோவில், அடுத்ததில், அதற்கடுத்ததில். மழையின் சத்தத்துக்குள் நேரம் எங்கோ போய்க்கொண்டிருந்தது. பிறகு ரத்தத்தோடு ஒரு சின்னப் பாதம் வெளியே வந்தது. தலை இல்லை, பாதம். நாவல்பழ நிறத்தில்.

"எறக்கணும்" என்றாள் ரோசி. "இப்பவே எறக்கணும். தொங்கிக்கினு இருந்தா ரெண்டு பேரும் போய்ருவாங்க."

யாரும் அசையவில்லை. தீர்த்தகிரி வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். "வாணாம்மா... எங்களால ஆவாது. இந்த ஊரு மண்ணுல எறக்கிட்டு நாளைக்கு இவங்க மூஞ்சில எப்பிடி முழிக்கறது? இந்த ஊருல பொண்ணு எடுத்துக் கீறோம், குடுத்துக் கீறோம்."

"லட்சுமணா, நீ வாய்யா!"

லட்சுமணன் தலையைக் குனிந்துகொண்டான்.

அடைக்கலம் பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். கைகள் குவிந்திருந்தன. "கொஞ்ச நேரம் பொறு ரோசி. ஓடை வடிஞ்சிரும். நான் வேண்டிக்கினு இருக்கேன். இந்த எடம் போச்சின்னா இந்த மலையில நமக்கு வேற எடம் ஏது? ஆண்டவருக்குன்னு கெடச்ச ஒரே எடம்."

அவரிடம் அவள் ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. இப்போது தன் குரலையே யாரோ வேறொருத்தியின் குரலைப் போலக் கேட்டாள்.

"முட்டி போட எடம் கீதுல்ல உனக்கு? எழுந்திரு. அந்த எடத்துலதான் இவளப் படுக்க வெக்கணும்."

அவர் எழவில்லை. அவளைப் பார்த்தபடியே இருந்தார். அவள் காத்திருக்கவும் இல்லை. பீடத்துத் துணியை ஒரே இழுப்பில் இழுத்துத் தரையில் போட்டாள். அங்கே காய்ந்திருந்த துணி அது ஒன்றுதான். மூலையில் கிடந்த அரிவாளால் ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்தாள். பாரம் முழுவதும் அவள் தோளில் சரிந்தது. கால் மடங்கியது. பெண்ணோடு சேர்ந்து விழப் போகிறோம் என்று நினைத்த நொடியில் மூங்கிலின் அந்த முனை தானாக உயர்ந்தது. அடைக்கலம் பிடித்திருந்தார். அவருடைய வாய் இன்னும் ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து நீர் தாடிக்குள் போனது.

"நான்தான் எறக்கினேன்" என்றாள் ரோசி, வாசலைப் பார்த்து. "யாரு கேட்டாலும் சொல்லிக்கங்க."

"நாங்க எறக்கினோம்" என்றார் அடைக்கலம்.

தரையில் முதுகு பட்டதும் கெங்கம்மாளுக்கு எங்கிருந்தோ பலம் வந்தது. அடைக்கலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு முக்கினாள். கால்கள் வந்தன, உடம்பு வந்தது, தலை நின்றுவிட்டது. ரோசி வார்டில் கேட்ட பேச்சையெல்லாம் நினைவில் துழாவினாள். துணி அலசும் சத்தம்தான் காதில் வந்தது. கடைசியில் அவள் கைகள் என்ன செய்தன என்பது அவளுக்கே தெரியாது. குழந்தை வந்தது. ஆண். அழவில்லை. முதுகைத் தேய்த்தாள், வாயில் ஊதினாள், மறுபடி ஊதினாள். அது அழவே இல்லை.

முன்பே இறக்கியிருந்தால் அழுதிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. டோலியைத் தொங்கவிட்டு நிதானமாக வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், இரண்டு பக்கமும் நஷ்டமில்லாத அந்த நல்ல வழியில்தான் இது மூச்சு முட்டியிருக்க வேண்டும். அந்த நினைப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கெங்கம்மாளின் வயிற்றைப் பார்த்தாள். ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

அடைக்கலம் சொம்பிலிருந்து உள்ளங்கையில் தண்ணீர் எடுத்தார். ஞானஸ்நானம் கொடுக்கத்தான் எடுத்தார் என்று ரோசிக்குத் தெரியும். அவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு வாசலில் இருந்த தகப்பனைப் பார்த்தார். கை தாழ்ந்தது. சொல்ல வேண்டியதை அவர் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரால் குழந்தையின் முகத்தை மெதுவாகத் துடைத்து, தன் துண்டில் சுற்றி, தீர்த்தகிரியின் மடியில் வைத்தார். அவனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

மழை தூறலாக மாறியபோது வேடியப்பன் வந்தார். தலையில் சாக்கு மடித்துப் போட்டிருந்தார். பின்னால் ஊர் ஆட்கள், சிலர் கையில் கடப்பாரை. கோயிலுக்குள் யாரும் வரவில்லை.

"இன்னா உபதேசியாரே இப்பிடிப் பண்ணிட்ட" என்றார் வேடியப்பன். அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது.

"வேற வழி தெரியலங்க கவுண்டரே."

"சாமை அறுப்பு முடியல. திருவிழாக்கு ஆடு வாங்கிக் கட்டிக்கீறாங்க. இந்த ஊருக்கு நான் இன்னா பதில் சொல்றது?" அவர் ஆட்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யி. நீ இங்கயே நில்லு. உங்க சாமியாரு வந்ததும் ரெண்டு பேருமா ஊரு முன்னால கையக் கட்டி நின்னு கேளுங்க. செத்தது பொறக்காத உயிருதானேன்னு நானும் ஒரு வார்த்த பேசிப் பாக்கறேன். ஆனா நீ நிக்கணும். நீ இல்லன்னா இவங்களத் தடுக்க என்னால ஆவாது."

அடைக்கலம் கையெடுத்துக் கும்பிட்டார். "நிக்கறேங்க. நான் எங்க போவப் போறேன்."

உள்ளே ரோசி கத்தினாள். "ரத்தம் நிக்கல! ஓடை வடிஞ்சிச்சா பாருங்கய்யா! இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்!"

ஓடை இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. லட்சுமணன் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மறுபடி கம்பளி, மறுபடி மூங்கில். ஆனால் தீர்த்தகிரியால் வர முடியாது. செத்துப் பிறந்த பிள்ளையைத் தகப்பன்தான் தூக்கிப் போய்ச் சொந்த ஊர் மண்ணில், பொழுது சாய்வதற்குள் புதைக்க வேண்டும். அவன் துண்டுக்குள் இருந்ததை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு தடவை டோலிக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு மேட்டில் ஏறி நடக்கத் தொடங்கினான்.

லட்சுமணன் மூங்கிலின் ஒரு முனையில் நின்றான். மறுமுனையில் மற்ற இருவரும். அவன் பக்கத்தில் ஒரு தோளுக்கு இடம் காலியாக இருந்தது.

"மூணு தோளு ஆவாது" என்றான். ஊர் ஆட்களைப் பார்த்தான். அவர்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். அவன் அடைக்கலத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான்.

ரோசிக்கும் இதற்கு மேல் அடைக்கலத்திடம் கேட்க வாய் வரவில்லை. அவருடைய வாழ்நாளெல்லாம் அந்தப் புல்கூரைக்குக் கீழே இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அடைக்கலம் கோயிலைப் பார்த்தார். துணி இல்லாத பீடம், அறுந்து தொங்கும் கயிறு, தரையில் சிவப்பு. சாமியார் வரும் பாதையைப் பார்த்தார். அதில் யாரும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மூங்கிலுக்கு அடியில் தோளைக் கொடுத்தார்.

"உபதேசியாரே" என்றார் வேடியப்பன். "யோசிச்சிக்க."

"தெரியுங்க" என்றார் அவர்.

டோலி எழுந்தது. ரோசி பக்கத்தில் நடந்தாள், ஒரு கையைக் கம்பளிக்குள் விட்டு, நர்சம்மாக்கள் செய்ததைப் போல, அந்த வயிற்றை அழுத்திப் பிசைந்தபடி. அடைக்கலத்துக்குப் பழக்கம் இல்லை. நடை தப்பியது.

"கால மாத்தி வெய்யி! நீ ஆட்டற ஆட்டத்துக்கு நல்லாக் கீறவனே செத்துருவான்" என்றான் லட்சுமணன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கு உறைத்தது. "எந் தோளப் பாத்துக்கினே வா. நான் வெச்சா நீயும் வெய்யி."

ஓடைக் கரையில் இறங்கும்போது பின்னால் கோயில் பக்கமிருந்து மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. பிறகு புல் சரியும் சத்தம். அடைக்கலம் திரும்பினார். டோலி குலுங்கியது, உள்ளே கெங்கம்மாள் முனகினாள். அதற்குப் பிறகு அவர் திரும்பவில்லை.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கெங்கம்மாளின் கண் செருகியது.

"கண்ண மூடாத தாயி" என்றாள் ரோசி. "எங்கிட்டப் பேசிக்கினே வா."

"இன்னா... பேசறது?"

"எதுனா. உங்க கொல்லையில இன்னா போட்டுக் கீறீங்க?"

"சாமை." நீண்ட இடைவெளி. "மேல் கொல்லையில... கேவுரு. குருவி வுடறதில்ல."

"குருவிக்கு இன்னா பண்ணுவ?"

"தகரம்... தட்டுவேன்."

குரல் நூலாக இழைந்து நின்றுவிட்டது. ரோசி இன்னும் பலமாகப் பிசைந்தாள். கைக்குக் கீழே வயிறு துணி போலத் தளர்ந்து கிடந்தது. அக்கரையின் சேற்றில் கால் வைத்து ஏறிய அடைக்கலம், மூச்சு வாங்க, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"அறுப்பு முடிஞ்சா அந்தக் கொல்லையில அப்புறம் இன்னா வெதைப்பீங்க, தாயி?"

பதிலுக்காக எல்லோருடைய கால்களும் ஒருசேர மெதுவாயின.

"நிக்காதீங்கய்யா" என்றாள் ரோசி. "நடங்க. அவ சொல்லுவா. நீங்க நடங்க."