சோபாவுக்குத் தலைக்குளியல்

எங்கள் சோபாவில் பாபாவுக்கு இரண்டாவது தலை ஒன்று இருந்தது. நடுச் சாய்மானத்தில், எண்ணெய் ஊறிக் கருத்து, வட்டமாக. பாபா, என் அப்பா, முடிதிருத்துபவர். கடையில் மீந்த தைலத்தையெல்லாம் தன் தலையில் பூசிக்கொண்டு வந்து அங்கே சாய்வார். முடி எப்போதோ போய்விட்டது. தைலப் பழக்கம் போகவில்லை.

அன்று மாலை என் அக்கா நிஹாலைப் பெண் பார்க்க வஜ்தியின் அம்மா, உம்மு வஜ்தி, வருவதாக இருந்தது. வஜ்தியும் அக்காவும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். பாக்கி அந்த அம்மாதான். அவர் தும்யாத்துக்காரி. தும்யாத் மேசை நாற்காலி செய்கிற ஊர். அங்கே குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்கு முன் ஆடாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்களாம். மூத்த மகனுக்குப் பார்த்த பெண்ணை, அவள் வீட்டு அலமாரிக் கதவு கிரீச்சிட்டதற்காக வேண்டாம் என்றவர் இவர்.

"இந்த மொட்டத் தலையப் பாத்தா அவங்க என் மூஞ்சியவே பாக்க மாட்டாங்க. அழிச்சுடுடி," என்றாள் அக்கா.

பள்ளியை விட்டு நின்றதிலிருந்து வீட்டுக் கறைகள்தான் என் பாடத்திட்டம்.

"மேல ஒரு பூத்துணி போட்டு மறைச்சா?" என்றேன்.

"தூக்கிப் பாப்பா," என்றாள் உம்மா. "தும்யாத்துக்காரி, செத்தவங்க மய்யித்து மேல போத்துன துணியையும் தூக்கி, சந்தூக்குப் பெட்டி என்ன மரம்னு பாப்பா."

சாய்மானம் சோபாவோடு சேர்த்துத் தைத்தது, கழற்ற வழியில்லை. முதலில் சோளமாவைத் தூவி எண்ணெயைக் குடிக்கவிட்டேன். மாவு மஞ்சளாகிக் கட்டிதட்டியது. சுரண்டிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பை நுரைத்து நுரையை மட்டும் தேய்த்தேன். வினிகர் கலந்த தண்ணீரில் துணியைப் பிழிந்து துடைத்தேன். பாபாவின் தலை போயே போய்விட்டது.

அங்கேதான் வினை. அடியிலிருந்து வட்டமாகப் பிஸ்தாப் பச்சை வெளிவந்தது. எங்கள் சோபா காப்பி நிறம் என்று பிறந்ததிலிருந்து நம்பியிருந்தவள் நான்.

"நேத்து வரைக்கும் வெறும் தலை. இன்னிக்கு ஒளிவட்டம்," என்று அக்கா அழுதாள். "பாபா அவுலியா ஆயிட்டார்!"

மூன்று சாய்மானங்களையும் கழுவ வேண்டியதாயிற்று. அவசரத்தில் நுரையை மறந்து வினிகர் வாளியையே சாய்த்துவிட்டேன். மின்விசிறியைச் சோபா பக்கம் திருப்பினேன். மின்சாரம் போனது. கதவு தட்டப்பட்டது.

"வாங்க உம்மு வஜ்தி, இப்படி நாற்காலில உக்காருங்க, காத்து வரும்," என்றாள் உம்மா.

"நாற்காலியா? சம்பந்தம் பேச வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா?"

அவர் நேராகச் சோபாவுக்குப் போனார். கைப்பிடியைத் தட்டி, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். "மரம் நல்ல மரம்." உட்காரும் இடம் காப்பி, சாய்மானம் பச்சை. "ரெண்டு நிறத்துல தெச்சிருக்கீங்க. பரவால்லியே."

பிறகு சாய்ந்தார்.

கதவுக்குப் பின்னால் நின்ற நான் அவர் கண்கள் மெல்ல விரிவதைப் பார்த்தேன். சாம்பல் நிற முக்காட்டில் ஈரம் பின்னாலிருந்து முன்னால் ஊர்ந்து வந்தது. காதோரம் ஒரு சொட்டு இறங்கியது. அவர் எழுந்தார். பின்தலையைத் தொட்டு விரலை மோந்தார்.

"வினிகர்," என்றார். "நான் என்ன ஊறுகாயா?"

அக்காவின் கல்யாணம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து பாபா கடையிலிருந்து வந்தார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. எதிரே ஒரு ஈரத்தலை நிற்கிறது, அவ்வளவுதான். கடையில் ஒவ்வொரு தலையையும் கழுவித் துடைத்ததும் அவர் வாயில் வரும் குளியல் வாழ்த்து தானாக வந்துவிட்டது.

"நயீமன், ஹாஜியம்மா!"

உம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் நயீமனுக்குப் பதில் சொல்லாமல் அடக்கிவைக்க எங்கள் நாட்டில் எந்த நாக்குக்கும் பழக்கமில்லை. கோபத்தின் நடுவிலும் அவர் வாய் பதில் சொல்லிவிட்டது: "அல்லாஹ் உங்களுக்கும் அருள் செய்யட்டும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சிரிப்பில் முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு.

"எங்க ஊர்ல சோபாவுக்கு வார்னிஷ்தான் அடிப்போம்," என்றார் முக்காட்டு நுனியைப் பிழிந்தபடி. "நீங்க குளிப்பாட்டியே விடுறீங்க! ஏம்மா நிஹால், காஞ்ச முக்காடு ஒண்ணு கொண்டா. அந்த நாற்காலியையும் இழு. பரீட்சையே எழுதிடுறேன்."

அந்த நாற்காலியில் உட்கார்ந்தே பாத்திஹா ஓதி நிச்சயம் செய்தார். ஆமீன் சொல்லிக் கைகளை முகத்தில் தடவிக்கொண்ட பாபா, நிம்மதியாக, வழக்கம்போல நடுச் சாய்மானத்தில் சாய்ந்தார்.

"நயீமன்," என்றார் உம்மு வஜ்தி.