எதிர்பார்க்கப்படும் முடிவுகள்

விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாலாம் நாள், தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் சலவை ஆலை வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆறு பெண்கள் காய்ச்சலில் இறந்தவர்களாக மாறியிருந்தார்கள். நகராட்சி ஆவண அறைக் கோப்பில் காலையில் அப்படித்தான் இருந்தது. முந்தின நாள்வரை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கப் போலீஸ் விசாரணையாக இருந்தது, தொண்ணூறு பக்கச் சுகாதார அறிக்கையாகச் சுருங்கி, அதே அட்டைக்குள், அதே நாடா முடிச்சோடு உட்கார்ந்திருந்தது. இருபத்தெட்டு வருடமாக அந்த அறையின் தூசியில் தும்மியே காலம் தள்ளிய ஆவணக் காப்பாளர் அதை இரண்டு தடவை படித்தார், மூக்கைத் துடைத்தார், போனை எடுத்தார். "மேடம், உங்க பொம்பளைங்க ஆறு பேரும் காய்ச்சல்ல செத்துருக்காங்க" என்றார். மறுமுனையில் இருந்தவள் பரிந்துரைக் கடிதத்துக்காக ஒரு பேராசிரியர் வீட்டு வாசலில் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தாள். கட்டை மாற்றி எடுத்திருப்பீர்கள் சார், அப்புறம் வந்து பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அவளைக் கல்லூரியில் எல்லோரும் 'விண்ணப்பம்' என்றே சொல்வார்கள். வாயில் காவலர்கூட, விண்ணப்பம் வந்தாச்சா என்றுதான் கேட்பார். வரலாற்றுத் துறையில் மணிக் கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுக்கிறவள்; ஒன்பது வருடமாக அதே மணிக் கணக்கு. அந்த ஒன்பது வருடமும் அவள் கட்டிக்கொண்டு அழுத ஆராய்ச்சி ஒன்றே ஒன்றுதான்: நீராவிச் சலவை ஆலையில் நாற்பத்தொரு பெண்கள் முப்பத்து மூன்று நாள் வேலையை நிறுத்தியதும், கடைசி நாளில் அவர்களில் ஆறு பேரைச் சுட்டதும். ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. பாடப்புத்தகத்தில் இல்லை, கல்லில் இல்லை. சுட்ட பிறகு ஒப்புக்கு ஒரு விசாரணை நடந்தது. அதில் மிச்சம் முப்பத்தைந்து பேர் கொடுத்த வாக்குமூலம் மட்டும் அந்தக் கோப்பில் இருந்தது. கஞ்சித் தொட்டியில் வேலை செய்த ஒருத்தி சொல்லியிருந்தாள்: "எழுதிக்கோ. கை வெந்ததுக்கு அரை நாள் கூலியை வெட்டுனான். ஏன்னு கேட்டதுக்கு மீதி அரை நாளையும் வெட்டுனான்." அதைப் படித்த அன்று விண்ணப்பத்துக்கு வயிறு எரிந்தது. ஒன்பது வருடமாக அந்த எரிச்சல் அடங்கவில்லை. பேருந்துப் பணிமனையில் எழுத்தராக இருந்த அவளுடைய அக்காவுக்கு, கேட்டுக் கேட்டே பாதி வாக்குமூலம் மனப்பாடம்.

கல்லூரி வேலையை விட்டு இரண்டு வருடம் உட்கார்ந்தால் புத்தகம் முடிந்துவிடும். அந்த இரண்டு வருடத்தை யாராவது கொடுக்க வேண்டும். எந்த அறக்கட்டளை, எந்த மன்றம், எந்த உதவித்தொகை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். முதல் ஏழு விண்ணப்பங்களில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். ஐந்துக்குப் பதிலே இல்லை. ஆறாவதில் இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்று ஐம்பது சொல்லுக்குள் கேட்டார்கள். ஏழாவதில், தலைப்பு இந்த ஆண்டின் கருப்பொருளுக்குள் வரவில்லை என்று கையை விரித்தார்கள். கருப்பொருள் என்பது குழுவில் உள்ள ஐந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றபடி முடிவு செய்வது. அந்த ஐந்து பேரில் ஒருவராவது ஆவண அறையில் ஒரு நாள் தும்மியிருப்பாரா என்று அவள் கேட்டபோது, பேராசிரியர் அவளுக்கு நெளிவு சுளிவு கற்றுக்கொடுத்தார்: கருப்பொருளைப் பார், அதற்கு ஏற்ற மாதிரி தலைப்பைத் திருப்பு, 'எதிர்பார்க்கப்படும் முடிவுகள்' என்ற பெட்டியில் அவர்கள் கேட்க விரும்புவதை எழுது. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். தேடுவதற்கு முன்னாலேயே கிடைத்தது என்ன என்று எழுதச் சொல்கிற அந்தப் பெட்டியில், உலகத்தில் படித்தவர்கள் எல்லோரும் கூச்சநாச்சம் இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

காலக்கெடுக்கள் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழுந்தன. பொதுச் சுகாதாரம் கேட்ட அறக்கட்டளைக்கு, அந்த இறப்புகளில் காய்ச்சலுக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று எழுதினாள். தண்ணீர்ச் சிக்கனம் கேட்ட மன்றத்துக்கு, ஆலைப் பெண்கள் அலசிய நீரைத் திரும்பப் பயன்படுத்தும் அறிவு பெற்றிருந்தார்கள் என்று எழுதினாள். மகிழ்ச்சியான பணியிடம் கேட்ட மூன்றாவது இடத்துக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவர்கள் வேலையின்போது பாடினார்கள், சிரித்தார்கள் என்று எழுதினாள். மூன்றாவதை அனுப்பிய மறுநாள்தான் காப்பாளர் இரண்டாம் தடவை கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தாள். கோப்பு பதினாலு பக்கம் இருந்தது. கஞ்சித் தொட்டிப் பெண் தன் வாக்குமூலத்தில், அலசிய நீரை வீணாக்காமல் தரை கழுவலாம் என்று பணிவோடு யோசனை சொல்லியிருந்தாள். விண்ணப்பம் அங்கேயே உட்கார்ந்து, அனுப்பியதைத் திரும்ப வாங்க வழி தேடினாள். சமர்ப்பித்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற இயலாது என்று இணையதளம் சிவப்பு எழுத்தில் சொன்னது. மூன்று நாள் கழித்துக் கோப்பில் ஒரே ஒரு புகைப்படம் மட்டும் இருந்தது. நாற்பத்தொரு பெண்களும் அதில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரின் தலைக்கு மேல் சின்னதாகப் பேனாவால் குறி போட்டு, பின்பக்கம், இவர்கள் அந்த ஆண்டே காய்ச்சலில் காலமானார்கள் என்று எழுதியிருந்தது. பழைய கோப்பைப் படித்தவர்களும் கேட்டவர்களும் எதையும் மறக்கவில்லை. தொண்ணூறு வருடத்தில் அப்படிப்பட்டவர்கள் மொத்தம் மூன்று பேர்தான் இருந்தார்கள்: காப்பாளர், அவள், அக்கா.

மகிழ்ச்சியான பணியிடக்காரர்கள் அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. குளிரூட்டிய அறை, நீள மேஜை, ஐந்து பேர், ஐந்து தண்ணீர் பாட்டில். புகைப்படத்தைச் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். குழுத் தலைவர், மனசுக்கு இதமாக இருக்கிறது, உதவித்தொகை கிட்டத்தட்ட உறுதி என்று சொல்லி, புத்தக அட்டைக்கே இந்தப் படத்தைப் போடலாம் என்றார். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருந்தால் இரண்டு வருடமும் அவள் கைக்கு வந்திருக்கும். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அவங்க சிரிக்கல சார். அவங்கள சுட்டாங்க."

"மேடம், கோபம் ஆய்வு ஆகாது. ஆதாரம் ஏதாவது இருக்கா?"

இருந்தது, என் கையாலேயே அழித்துவிட்டேன் என்று அந்த மேஜையில் எப்படிச் சொல்வது. ஐந்து பேரையும் வரிசையாகப் பார்த்து, நீங்கள் கேட்டீர்கள், நான் எழுதினேன், நாம் ஆறு பேரும் சேர்ந்து அந்த ஆறு பேரை இரண்டாம் தடவை புதைத்திருக்கிறோம் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு எழுந்து வந்தாள். பேருந்தில் வரும்போது அழுகை வந்தது. அந்தக் குழுவைவிட அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் அதிகம்.

அந்த வருடம் இன்னும் ஒரே ஒரு உதவித்தொகைதான் திறந்திருந்தது. நாற்பது வயதுக்கு மேல் எந்தப் படிவமும் அவளை உள்ளே விடாது. அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது. ஆக, அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரு பெட்டி, நூற்றைம்பது சொல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். ஆறு பெண்கள் ஆலை வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்று அடித்தாள். அடுத்த எழுத்துக்குக் கை போகவில்லை. இதை அனுப்பினால் நாலாம் நாள் காய்ச்சல் போகும், பழைய கோப்பு வரும், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் வரும். அன்று சுட்டவன் எவனோ. இன்று இதை எழுதினால் சுடுவது தான்தான் என்று அவளுக்குப் பட்டது.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்டி, காய்ச்சல்னு எழுதினா காய்ச்சல்ல சாகுறாங்கன்னா, பொழச்சாங்கன்னு எழுதேன்."

"பொழச்சா விசாரணை இல்லக்கா. விசாரணை இல்லன்னா கோப்பே இல்ல. அவங்க பேசுனது ஒண்ணும் மிஞ்சாது."

"கோப்பும் இருக்குன்னு சேத்து எழுது."

விண்ணப்பம் எண்ணிப் பார்த்தாள். நாடோடி மாதிரி ஒன்பது வருடம் அலைந்து தேடிய ஆறு பேர். நூற்றைம்பது சொல்லைப் பங்கிட்டால் ஆளுக்கு இருபத்தைந்து. ஒருத்தியைப் பிழைக்க வைக்கவே இருபத்தைந்து பத்தாது. "எடம் இல்லக்கா" என்றாள். அப்போ உன் புத்தகம் என்று கேட்க வாயைத் திறந்த அக்கா, தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமல் அடுத்த துணியை எடுத்தாள்.

எழுதியதை அழித்துவிட்டு, விண்ணப்பம் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். துப்பாக்கி எதுவும் வெடிக்கவில்லை. கொதிகலனுக்குக் கரி அள்ளியவள் அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்தே போனாள், தலைக்குக் குளித்தாள், மூன்று பிள்ளை பெற்றாள், எழுபத்தாறு வயதுவரை யாருக்கும் அடங்கவில்லை. பிழிகிறவளுக்கு, நீலம் கலக்கிறவளுக்கு, இஸ்திரிக்காரிக்கு, துணி மடிக்கிறவளுக்கு, வண்டி தள்ளுகிறவளுக்கு என்று ஆளுக்கு இருபத்தைந்து சொல் அளந்து போட்டாள். ஆலை முதலாளிக்கு என்ன தண்டனை என்று எழுத இடமில்லை. அதில்தான் அவளுக்குத் தாங்க முடியாத வருத்தம். நூற்றைம்பதாவது சொல்லில் பெட்டி நின்றது. அனுப்பு என்பதை அழுத்தினாள்.

நாலாம் நாள் ஆவண அறையின் அலமாரியில் கோப்பு இருந்த இடம் காலியாக இருந்தது. காப்பாளர் போனில், "ஒண்ணும் இல்ல மேடம், அட்டைகூட இல்ல" என்றார், "நல்லதுதான்" என்றும் சொன்னார். அந்த இடத்தில் அவர் குடையை வைத்துக்கொண்டார். ஊரில் அந்த வாரம் அந்த ஆறு பேரின் வம்சமாக இருபதுக்கு மேல் வீடுகளும், ஒரு மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையும், வாக்காளர் பட்டியலில் எழுபத்து மூன்று பேரும் கூடுதலாக இருந்தார்கள். தபால்காரர் அந்த வீடுகளுக்கு வழக்கம்போலக் கடிதம் கொடுத்தார். குழாயடிச் சண்டைகள் கொஞ்சம் அதிகமாயின. உதவித்தொகைக் குழுவின் பதில் ஆறு மாதம் கழித்து வந்தது: முடிவுகள் யதார்த்தமாக இல்லை, கதைபோல் உள்ளன. விண்ணப்பம் அதைப் படித்துவிட்டு, அடப் பாவிகளா என்று வாய்விட்டுச் சிரித்தாள். அந்தக் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

அடுத்த வருடக் கருப்பொருள், மறக்கப்பட்ட பெண் தொழிலாளர் போராட்டங்கள். இதுவரை யாரும் கொடுக்காத பெரிய தொகை, வயது வரம்பு கிடையாது. அறக்கட்டளை அதிகாரி அவளைத் தேடிப்பிடித்து, நீங்கள் இதில் ஏதோ செய்துகொண்டிருந்தீர்களாமே மேடம் என்று தேனொழுகக் கேட்டார். அவள் துறை வராந்தாவில் நின்று போனை இறுக்கிப் பிடித்திருந்தாள். வாயில் வந்த வசவையெல்லாம் விழுங்கிக்கொண்டு, "நம்ம ஊர்ல அப்படி யாரும் சாகல சார்" என்று மட்டும் சொல்லி வைத்தாள். வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வருகைப் பதிவேட்டில் நாற்பது பேர் நாற்பத்து மூன்று பேராகி ஒரு வருடம் ஆகப்போகிறது. புதிதாக முளைத்த மூவரும் எப்போதும் அங்கேயே இருந்தவர்கள்போலத்தான் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்தார்கள். அவள் பெயர்களை வாசித்தாள். நாற்பதுக்கு வந்ததும் எப்போதும்போல நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தாள். நாற்பத்தொன்று, உள்ளேன் அம்மா. நாற்பத்திரண்டு, உள்ளேன் அம்மா. நாற்பத்து மூன்று உள்ளேன் சொல்லாமல் எழுந்து நின்றாள். கடைசி பெஞ்சிலிருந்து விடைத்தாளைத் தூக்கிப் பிடித்தாள்.

"எனக்கு ஏன் ரெண்டு மார்க் கொறச்சீங்க? காரணம் சொல்லுங்க. சொல்லாம நான் உக்கார மாட்டேன்."

விண்ணப்பம் விடைத்தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். அந்தப் பெண் கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு மதிப்பெண்ணையும் போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டு, நாற்பத்து மூன்றுக்கு நேரே வருகையைக் குறித்தாள்.